பெரியவர்கள் ஊர் சுற்ற ஒரு சின்ன கேமரா: கடையில் பார்க்க வேண்டியதும் வீட்டில் மாற்றி வைக்க வேண்டியதும்

வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பயணம் என்றால் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, புரட்டாசிக்குத் திருப்பதி, பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு ஏலகிரி. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த வருஷம் காட்பாடியில் ரயிலேறிக் காசி. செல்போன் இருக்கும்போது தனியாகக் கேமரா எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் இன்றைய செல்போன்தான் நல்ல படம் தருகிறது. கிரிவலப் பாதையில் ராத்திரி பத்து மணிக்கு எடுக்கும் படத்தில் சின்ன கேமரா தோற்றுப்போகும். சாதாரண சின்ன கேமராவில் வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சார் ஏறக்குறைய 6 எம்.எம். அகலம், 4.5 எம்.எம். உயரம்தான், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. செல்போனிலும் சென்சார் சின்னதுதான். ஆனால் அது ஒரே நொடியில் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. பழைய வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை இந்த வேலையைச் செய்வதில்லை.

கேமரா ஜெயிக்கும் இடங்கள் வேறு. தொட்டால் நழுவும் கண்ணாடிக்குப் பதிலாக விரலுக்குத் தட்டுப்படும் நிஜமான பட்டன் இருக்கிறது. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வார் இருக்கிறது. கோபுரத்து உச்சிச் சிற்பத்தை லென்ஸை நீட்டியே அருகில் கொண்டுவரலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், படம் எடுத்து எடுத்துச் சார்ஜ் தீர்ந்தாலும் ரயில் டிக்கெட்டும் மகன் நம்பரும் இருக்கும் போன் உயிரோடு இருக்கும். இந்த நாலில் ஒன்றுகூட உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தேவையில்லை என்றால் கேமரா வாங்க வேண்டாம், போனுக்கு ஒரு வாரை மாட்டிக் கொடுங்கள், போதும்.

வாங்குவது என்று முடிவானால், யார் எடுக்கப்போகிறாரோ அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். மகனோ மருமகளோ இணையத்தில் விமர்சனம் படித்து வாங்கிவரும் கேமராக்கள்தான் அதிகமாக அலமாரியில் தூங்குகின்றன. இளம் கைக்குச் சௌகரியமாக இருப்பது அறுபத்தெட்டு வயதுக் கைக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கை சொல்வதைக் கேளுங்கள்

கேமராவைப் பெரியவர் கையில் கொடுத்து எதுவும் சொல்லித்தராமல் ஐந்து வேலை செய்யச் சொல்லுங்கள்: ஆன் செய்ய, ஜூம் இழுக்க, ஒரு படம் எடுக்க, எடுத்ததைப் பார்க்க, ஆஃப் செய்ய. விரல் எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். பல கேமராக்களில் ஆன்-ஆஃப் பட்டன், படம் எடுக்கும் பட்டனுக்கு அரை விரல் தூரத்திலேயே இருக்கும், இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும். படம் எடுக்கப் போய் கேமராவை அணைத்துவிடுவது இதனால்தான். படம் எடுக்கும் பட்டன் பெரியதாக, கொஞ்சம் மேடாக இருக்க வேண்டும். ஆன்-ஆஃப் பட்டன் குழிக்குள் இருந்தால் நல்லது.

பின்பக்கம் கட்டைவிரல் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி போட்ட வீடியோ பட்டன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தெரியாமல் அழுத்திவிட்டுக் கேமராவைக் கீழே தொங்கவிட்டால், செருப்பும் தரையும் பத்து நிமிஷம் வீடியோவாகப் பதிவாகிப் பேட்டரி காலியாகிவிடும். சில மாடல்களில் மெனுவுக்குள் போய் அந்தப் பட்டனைச் செயலிழக்க வைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால், கட்டைவிரல் வேறு இடத்தில் பதியும் கேமராவாகப் பாருங்கள்.

எடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராக்கள் 120 முதல் 150 கிராம் வரை இருக்கும். நீள ஜூம் உள்ளவை 240 முதல் 330 கிராம். மூட்டுவலி உள்ள கைக்கு லேசானதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் ரொம்ப மெலிந்து வழவழப்பாக இருந்தால் பிடிமானம் கிடைக்காது, நழுவும், ஆட்டமும் கூடும். முன்பக்கம் வலது ஓரத்தில் ஒரு மேடு அல்லது ரப்பர் பட்டை இருக்கும் கேமரா முப்பது கிராம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

தொடுதிரை மட்டுமே உள்ள கேமரா வேண்டாம். வயதானால் விரல் நுனித் தோல் வறண்டுவிடுகிறது, தொடுதிரை அந்த விரலைச் சரியாக உணராது. செல்போனில் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்க்கும் பெரியவர் கேமராவிலும் அதையேதான் செய்வார். அதற்குள் பேத்தி சிரித்து முடித்திருப்பாள்.

கண்ணுக்கு

வெள்ளெழுத்து உள்ளவருக்குக் கையை நீட்டினால்தான் திரை தெரியும். கை நீண்டால் ஆட்டம் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாப் பெரியவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். 3 அங்குலத் திரைக்குக் குறைந்து வாங்காதீர்கள். திரையின் புள்ளி எண்ணிக்கை 4,60,000 இருந்தால் பரவாயில்லை, 9,00,000-க்கு மேல் இருந்தால் நன்றாக இருக்கும். 2,30,000 புள்ளித் திரையில் படம் தெளிவா இல்லையா என்று நமக்கே தெரியாது.

கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். கேமராவோடு வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்க அனுமதி கேளுங்கள். வேலூர் ஆபீசர்ஸ் லைன் தெருவின் மத்தியான வெயிலில் தெரிகிற திரை எந்த ஊரிலும் தெரியும். வெயிலில் திரை கறுத்துப்போனால் கோட்டையிலும் கடற்கரையிலும் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டிருப்பவருக்கு, கேமராவைச் சாய்த்துப் பிடிக்கும்போது திரை முழுக்க இருண்டுபோகலாம். அதைக் கேமராவின் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

கண் வைத்துப் பார்க்கும் துளை, அதாவது வ்யூஃபைண்டர் உள்ள கேமரா கிடைத்தால் பெரியவர்களுக்கு அது பெரிய வசதி. கேமரா நெற்றியில் ஊன்றி நிற்பதால் ஆட்டம் நன்றாகக் குறையும், வெயிலும் தொந்தரவு செய்யாது. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரமோ நெம்புகோலோ இருக்கும், அதைத் திருப்பினால் கண்ணாடி போடாமலேயே தெளிவாகத் தெரியும். சோனி எச்.எக்ஸ். 99, பானாசோனிக் டி.இசட். 95 ஆகியவற்றில் இது உண்டு. பானாசோனிக்கின் 2025-ஆம் வருஷத்து டி.இசட். 99-இல் அதை எடுத்துவிட்டார்கள். எண் பெரிதானால் வசதியும் கூடியிருக்கும் என்று நம்பி வாங்கிவிடக் கூடாது.

கை ஆடினாலும் படம் ஆடக் கூடாது

பெரியவர்களின் படங்கள் கெடுவதற்கு முதல் காரணம் கை நடுக்கம். அதைச் சமாளிக்க லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடித் துண்டு கையின் ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் அசைந்துகொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அட்டைப் பெட்டியில் ‘ஆப்டிக்கல்’ என்ற சொல்லோடு ஸ்டெபிலைசேஷன் அல்லது ஸ்டெடிஷாட் என்று போட்டிருப்பார்கள். ‘டிஜிட்டல்’ என்றோ ‘எலெக்ட்ரானிக்’ என்றோ போட்டிருந்தால் அது வேறு சமாசாரம். அது கணக்குப் போட்டு ஒப்பேற்றும், அவ்வளவுதான்.

வெளியில் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும் மாடல்களில்தான் இந்த வித்தியாசம் ஒளிந்திருக்கும். சோனியில் டபிள்யூ 800, டபிள்யூ 810 இரண்டிலும் லென்ஸுக்குள் நடுக்கத்தடுப்பு கிடையாது, டபிள்யூ 830-இல் உண்டு. கேனனில் இக்சஸ் 185-இல் கிடையாது, 190-இல் உண்டு. பென்சில் செல் போட்டு ஓடும் நிக்கான் கூல்பிக்ஸ் ஏ 10-இலும் கிடையாது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்று சொன்னால் பெட்டியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஜூம் எவ்வளவு வேண்டும்? 8எக்ஸ், 30எக்ஸ் என்பது லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதன் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அகலக் காட்சிக்கும் நெருக்கக் காட்சிக்கும் இடையிலான மடங்கு அது. லென்ஸின் அளவைப் பழைய 35 எம்.எம். ஃபிலிம் கேமராவின் கணக்கில் எம்.எம்.-இல் சொல்வார்கள், எண் கூடினால் காட்சி நெருங்கும். அந்தக் கணக்கில் 25 எம்.எம். அளவில் தொடங்கும் 12எக்ஸ் கேமரா 300 எம்.எம். வரை போகும். கோபுரத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்றால், 25-இல் 70 மீட்டர் அகலக் காட்சி விழும், 300-இல் 6 மீட்டர் அகலம் மட்டும் விழும். கோபுரத்தின் ஒரு அடுக்கில் இருக்கும் நாலைந்து சுதைச் சிற்பங்கள் படத்தை நிரப்பிவிடும். கோயில் குளம் பார்க்கும் பயணத்துக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை. 30எக்ஸ், 40எக்ஸ் கேமராவைக் கடைசிவரை இழுத்தால் நம் மூச்சே படத்தை ஆட்டும். பறவை பார்க்கிறவருக்கு மட்டும் அது நியாயம்.

இழுக்க இழுக்க லென்ஸுக்குள் வரும் வெளிச்சமும் குறைகிறது. சின்ன கேமராக்களில் முழு ஜூமில் வரும் வெளிச்சம், ஜூம் இல்லாத நிலையில் வருவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதனால் கேமரா, வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் கதவை அதிக நேரம் திறந்து வைக்கும், நடுக்கம் படத்தில் பதிந்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஜூமைத் தொட வேண்டாம் என்று சொல்லிவைப்பது நல்லது.

மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளி என்பதைப் பற்றி ஒரு கணக்குப் போதும். வீட்டில் மாட்டும் 8-க்கு 10 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 7.2 மெகாபிக்சல் வேண்டும். ஆல்பத்தில் வைக்கும் 4-க்கு 6 அங்குலத்துக்கு 2.2 போதும். பத்து வருஷப் பழைய கேமராவிலும் இது தாராளமாக இருக்கிறது.

இணையத்தில் மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க்கு ‘48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம்’ என்று பெயர் தெரியாத கேமராக்கள் வருகின்றன. ஆன் செய்தால் லென்ஸ் வெளியே வராது, ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். பொம்மைக்கு வாங்கலாம், பயணத்துக்கு வாங்கக் கூடாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உண்மையான ஜூம் லென்ஸின் வளையத்தில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும், உதாரணமாக 4.5–54.0 எம்.எம். என்று (இது லென்ஸின் அசல் அளவு, மேலே சொன்ன 25, 300 ஃபிலிம் கணக்கு). பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் 12 வருகிறது, அதுதான் உண்மையான ஜூம். ஒரே ஒரு எண் மட்டும் இருந்தாலோ, எண்ணே இல்லாமல் ‘எச்.டி. லென்ஸ்’ என்று எழுதியிருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள்.

பேட்டரி, கார்டு

சின்ன லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் ஏறக்குறைய 200 படம் தரும். ஃபிளாஷ் போட்டு, எடுத்த படங்களை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே போனால் இன்னும் குறையும். இரண்டாவது பேட்டரி கட்டாயம் வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் அந்தக் கூடுதல் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

சார்ஜர் இரண்டு விதம். பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் போடுவது ஒன்று, கேமராவுக்குள் ஒயர் சொருகுவது இன்னொன்று. தனிச் சார்ஜர்தான் பெரியவர்களுக்குச் சுலபம். ஒரு பேட்டரி லாட்ஜில் ஏறிக்கொண்டிருக்கும், இன்னொன்று கையில் இருக்கும். ஒயர் வகையென்றால் துளையைப் பாருங்கள். செல்போனுக்குப் போடும் அதே ஒயர் பொருந்தினால் கவலையில்லை. சில பழைய மாடல்களுக்குத் தனி ஒயர்தான் வேண்டும், அது தொலைந்தால் காசியில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பென்சில் செல் போடும் கேமராவை எந்தப் பெட்டிக்கடையிலும் செல் வாங்கி ஓட்டிவிடலாம் என்று நம்பி வாங்குகிறார்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல் கேமராவில் சில படத்துக்கு மேல் தாங்காது, சில சமயம் லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிடும். ஆல்கலைன் செல் அவசரத்துக்கு ஆகும். தினசரிக்குச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், 2000 எம்.ஏ.எச்., நாலு வாங்கி இரண்டிரண்டாகச் சுழற்சியில் வைத்துக்கொள்வதே சரி. புதுசையும் பழசையும் கலந்து போடாதீர்கள்.

மெமரி கார்டு 32 ஜி.பி. போதும். 20 மெகாபிக்சல் படம் ஏழு எம்.பி. என்று வைத்துக்கொண்டால்கூட நாலாயிரத்துக்கு மேல் பிடிக்கும். 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் வேறு வகை, 2009-க்கு முந்தைய கேமராக்கள் அதை ஏற்காது. இன்னும் பழசு என்றால் 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காததும் உண்டு. பெரிய கார்டு ஒன்றைவிட 16 ஜி.பி. கார்டு இரண்டு நல்லது, ஒன்று கெட்டாலும் பாதிப் பயணம் மிஞ்சும். கார்டை வீட்டில் கேமராவுக்குள் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஒரு முறை ஃபார்மேட் செய்யுங்கள், அதாவது முழுக்க அழித்துத் தயார் செய்யுங்கள். ‘கார்டு லாக்டு’ என்று திரையில் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கார்டின் இடது விளிம்பில் இருக்கும் குட்டித் தாழ் கீழே இறங்கியிருக்கும், நகத்தால் மேலே தள்ளினால் போதும்.

பழைய கேமரா வாங்குவதானால்

மேலே சொன்ன மாடல்களில் பல இப்போது உற்பத்தியில் இல்லை. கடையில் தேங்கிய சரக்காகவோ பழையதாகவோதான் கிடைக்கும். கல்லூரிப் பசங்களுக்குப் பழைய டிஜிட்டல் கேமரா மேல் திடீர் மோகம் வந்ததில் விலையும் ஏறிவிட்டது. தாத்தாவும் பேத்தியும் ஒரே கேமராவுக்குப் போட்டி போடும் காலம். அதனால் சோதித்து வாங்குங்கள், பத்து நிமிஷ வேலைதான்.

ஆன் செய்து லென்ஸ் வரும் சத்தத்தைக் கேளுங்கள். சீராக வர வேண்டும், நறநறவென்றால் உள்ளே மணல் இருக்கிறது. முழு ஜூம் இழுத்து வெறும் வானத்தைப் படமெடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான கறும்புள்ளி இருந்தால் அது சென்சார் தூசி, கேமராவைப் பிரித்தால்தான் போகும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் ஓடினால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கதவைத் திறந்து உள்தாழை விலக்கியதும் பேட்டரி தானாக நழுவி வர வேண்டும், பிடித்து இழுத்தால்தான் வருகிறது என்றால் உப்பியிருக்கிறது. அந்தக் கதவின் கொக்கியையும் பாருங்கள், சின்ன கேமராக்களில் முதலில் உடைவது அதுதான். ஃபிளாஷ் போட்டு ஒரு படம், ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். கடைசியாக மெனுவுக்குப் போய் மொழியைப் பாருங்கள். ஜப்பானில் விற்க மட்டும் செய்த கேமராக்கள் சிலவற்றில் ஜப்பானிய மொழி தவிர வேறு எதுவும் இருக்காது.

புதியதென்றால் பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் கேமரா அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும்

கேமராவை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். இளையவர் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து மெனுவை ஒரு முறை ஒழுங்குசெய்துவிட்டால், பெரியவர் அதற்குப் பிறகு மெனுவுக்குள் போகவே வேண்டியிருக்காது.

முதலில் தேதி, நேரம். பேட்டரியைக் கழற்றிப் பல நாள் வைத்தால் பெரும்பாலான கேமராக்கள் தேதியை மறந்துவிடும், அதனால் பயணத்துக்கு முந்தின நாளும் ஒரு தடவை பார்க்க வேண்டும். படத்தின் மேலேயே தேதி அச்சாகும் வசதியை அணைத்துவிடுங்கள், அழிக்க முடியாது. அடுத்து, படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். இது ஆன் ஆகவே இருப்பதால்தான் பாதிப் படங்கள் சாந்து பூசியதுபோல வருகின்றன. புன்னகை செய்தால் தானே படமெடுக்கும் வசதி, கண் சிமிட்டல் எச்சரிக்கை, நிறம் மாற்றும் வேடிக்கைகள் எல்லாவற்றையும் அணையுங்கள். முகம் கண்டுபிடிக்கும் வசதி மட்டும் இருக்கட்டும்.

தானாக அணையும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிஷம் என்று இருக்கும். பெரியம்மாவை முன்னால் நிறுத்தி, சித்தப்பாவை ஓரம் தள்ளி, குழந்தையைத் திரும்ப வைப்பதற்குள் லென்ஸ் உள்ளே போய்விடும். அதை மூன்று அல்லது ஐந்து நிமிஷமாக்குங்கள். எடுத்த படம் திரையில் நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள். திரை வெளிச்சத்தை அதிகபட்சத்தில் வையுங்கள், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், பரவாயில்லை, இரண்டாவது இருக்கிறது.

மேலே, எடுக்கும் விதத்தை மாற்றும் வட்டத் திருகு இருக்கும் கேமராவென்றால் அது பைக்குள் உரசித் தானே திரும்பிக்கொள்ளும். ஆட்டோ நிலையில் வைத்து ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். ஆன்-ஆஃப் பட்டனுக்கு நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு, பார்க்கும் பட்டனுக்கு ஒரு பச்சைப் பொட்டு. அசிங்கமாக இருக்கும் என்று யோசிக்காதீர்கள், கண்ணாடி எடுத்து வராத நாளில் உதவும்.

பட்டனை அழுத்தும் விதம்

சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனுக்கு இரண்டு படி உண்டு. பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுக்க அழுத்தினால் படம். மணி அடிப்பதுபோல ஒரே குத்தாகக் குத்தினால் ஃபோகஸ் ஆவதற்குள் படம் விழும், கேமராவும் கீழே இடறும். பாதி அழுத்தி, திரையில் பச்சைக் கட்டம் வரும்வரை நிறுத்தி, பிறகு மெதுவாக மிச்சம். கேமரா ‘பீப்’ என்று சத்தமும் தரும், ஆனால் வயதான காதுக்குக் கீச்சொலிதான் முதலில் கேட்காமல் போகிறது. பச்சைக் கட்டத்தையே பார்க்கப் பழக்குங்கள்.

கட்டம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ நின்றால் ரொம்பக் கிட்டே போய்விட்டார், அல்லது இருட்டு அதிகம். முழு ஜூமில் ஒரு மீட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் ஃபோகஸ் ஆகாது. ஜூமைத் திரும்ப உள்ளே விட்டால் கிட்டேயும் ஃபோகஸ் ஆகும், உருவம் சின்னதாகத் தெரிந்தால் ஓரடி முன்னால் நகரச் சொல்லுங்கள்.

இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்டியிருக்க வேண்டும், முடிந்தால் தூணில் தோள் சாய வேண்டும். நடுக்கம் அதிகம் உள்ளவருக்கு இரண்டு விநாடி டைமரை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். விரல் அழுத்தும்போதுதான் ஆட்டம் அதிகம், இரண்டு விநாடியில் கை அடங்கிவிடும். ஆட்களை எடுக்கும்போது மட்டும், ‘எடுத்தாச்சா?’ என்று கேட்டு நகர்ந்துவிடுவார்கள், ஒரு பத்து எண்ணச் சொல்லிவைக்க வேண்டும்.

பழக வேலூர்க் கோட்டையை விட நல்ல இடம் கிடையாது. அகழிப் பாலம் தாண்டி உள்ளே போய் மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். முதலாவது, மதில் சுவருக்கு முன்னால் ஒருவரை நிழல் விழும் முகத்தோடு நிறுத்தி. முகம் கறுத்து வந்தால் மின்னல் குறிப் பட்டனை அழுத்தி ஃபிளாஷைக் கட்டாயமாக்கி மறுபடி எடுங்கள், மத்தியானத்தில் ஃபிளாஷ் எதற்கு என்ற சந்தேகம் அதோடு தீரும். ஆனால் மூன்று மீட்டருக்கு மேல் அது எட்டாது. இரண்டாவது, ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை வெளியிலிருந்தே முழு ஜூமில், ஒரே இடத்தை மூன்று தடவை. மூன்றில் எத்தனை தெளிவு என்று பெரிதாக்கிப் பார்த்தால் அவர் கைக்கு எவ்வளவு ஜூம் தாங்கும் என்று தெரிந்துவிடும். மூன்றாவது, மர நிழலில் நடந்து வரும் ஒருவர். அது மங்கினால் நகர்கிறவரைத் துரத்தாமல் நிற்கச் சொல்லி எடுக்க வேண்டும் என்று அவருக்கே புரியும்.

வெயிலும் ஈரமும்

பெரும்பாலான கேமராக் கையேடுகளில் 0 முதல் 40 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்று இருக்கும். கத்திரி வெயிலில் வேலூர் அதைத் தாண்டிவிடும். கண்ணாடி ஏற்றிய வேன் அதைவிட மோசம், டாஷ்போர்டில் வைத்த கேமராவின் பேட்டரி உப்பிப்போகும். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள்ளும் திருமலைக் கோயிலுக்குள்ளும் போன், கேமரா இரண்டுக்கும் அனுமதி இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு மற்ற கோயில்களிலும் வாசலிலேயே கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அப்போது கேமராவை வேனில் விட்டுப் போகாமல் பொருள் பாதுகாப்பு அறையில் கொடுத்துச் சீட்டு வாங்குவதே நல்லது. வேனில்தான் விட வேண்டுமென்றால் ஈரமில்லாத துண்டில் சுற்றி சீட்டுக்கு அடியில்.

குளிர்சாதன ரயில் பெட்டியில் இரவெல்லாம் இருந்த கேமராவை இறங்கியதும் ராமேஸ்வரம் காற்றில் திறந்தால் லென்ஸில் வேர்க்கும். இறங்குவதற்கு முன்னாலேயே ஜிப் கவருக்குள் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் வேர்வை கவரின் மேல் நின்றுவிடும். ஏலகிரிக் காலைப் பனியில் நேரடியாகவே ஈரம் படியும், பருத்தித் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு லென்ஸை மட்டும் தொடாமல் காயவிடுங்கள். முந்தானை, வேட்டி நுனி லென்ஸ் பக்கம் போகவே கூடாது. மழைக்காலத்தில் வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான டப்பாவில் இருக்கட்டும், தோல் உறையில் நாள்கணக்கில் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

மணல், திருநீறு, குங்குமம் மூன்றும் நீளும் லென்ஸுக்கு எதிரி. அர்ச்சனைப் பையில் கேமராவைப் போட வேண்டாம். ‘லென்ஸ் எரர்’ என்று வந்து லென்ஸ் பாதியில் நின்றால் கையால் அழுத்தக் கூடாது. அணைத்து, பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டு, முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு, லென்ஸைத் தரை பார்க்கப் பிடித்து ஆன் செய்யுங்கள். ரப்பர் பந்து ஊதியால் லென்ஸ் இடுக்கில் ஊதலாம், வாயால் ஊதினால் எச்சில் போகும். அப்படியும் வராவிட்டால் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

வார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படி மாதிரி ஏறும் இடத்தில் இரண்டு கையும் கைப்பிடிக்கு வேண்டும். கழுத்தில் தொங்கும் கேமரா குனியும்போது முன்னால் ஆடிப் படியில் மோதும். தோளிலிருந்து குறுக்கே வரும் சின்னப் பைக்குள் போட்டு, மணிக்கட்டு வாரைப் பையின் வளையத்திலும் கோத்துவிடுங்கள்.

படத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப

கேமராவின் வைஃபையைச் செல்போன் ஆப்போடு இணைப்பது இளையவர்களுக்கே எரிச்சல் தரும் வேலை. போனின் சார்ஜ் துளையில் சொருகும் கார்டு ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கார்டை அதில் போட்டுச் சொருகினால் ஃபைல்ஸ் பகுதியில் படங்கள் தெரியும், தேர்ந்தெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம். வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், பிரிண்ட் போட வேண்டியதை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். கார்டில் இருப்பதை வீடு திரும்பி வேறு இடத்தில் இரண்டு பிரதி வைக்கும்வரை அழிக்க வேண்டாம்.

கிளம்பும் முந்தின இரவு: இரண்டு பேட்டரியும் சார்ஜ், கார்டு உள்ளே இருக்கிறதா, தேதி சரியா, சார்ஜர் பையில் இருக்கிறதா. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் வீட்டு செல்போன் நம்பரைப் பெரிதாக எழுதி அதைக் கேமராவிலேயே படம் எடுத்து வையுங்கள். தொலைந்த கேமரா யார் கையில் கிடைத்தாலும் முதலில் படங்களைத்தான் திறந்து பார்ப்பார்கள்.